ட்ரெஸ்கோவன் மாளிகையிலிருந்து, மூட்டை கட்டிய கையோடு

ட்ரெஸ்கோவன் மாளிகை,
கார்ன்வால்.
9 அக்டோபர் 1958, வியாழன், மாலை 4.10

என்மேல் என்றும் அக்கறையும் அதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சந்தேகமும் கொண்ட வினிஃப்ரெட் அக்காவுக்கு, தம்பி எட்கர் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் இருமலும் சுகம். அங்கே நீயும் உன் முழங்காலும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். சனிக்கிழமை காலை 10.05 வண்டியில் ஏறி மாலை 7.48க்கு நம் ஊர் க்ரூவுக்கு வந்து சேர்கிறேன். என் படுக்கையை அடுப்பங்கரையில் கொஞ்சம் சூடு காட்டி வை. ஒரு வாரம் கடல் காற்று வாங்கி வா என்று நீ அனுப்பியவன் ஒன்பது வாரம் கழித்து இப்படித் திடுதிப்பென்று ஏன் வருகிறான் என்று கேட்பாய். கேட்காமல் இருந்தால்தான் நீ என் அக்காவா என்று எனக்குச் சந்தேகம் வரும். சொல்லிவிடுகிறேன், நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள். இந்த மாளிகையை ஹோட்டலாக நடத்துகிற மிஸ் லவ்டே போல்கிளேஸைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டேன். அறுபத்தோரு வயதில் ஆசைப்பட்டது தப்பு என்று நீ சொல்லலாம், அது உன் இஷ்டம். ஆனால் ஆசைப்பட்டதோடு நிற்காமல் நான் செய்து வைத்த காரியம் இருக்கிறதே, அதற்கு இந்த ஊரில் இனி என் தலை தெரியக் கூடாது.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டை விட்டுவிட்டு லவ்டேயைப் பற்றி மட்டும் சொல்ல எனக்குத் தெரியாது. இதைக் கட்டியவர் அவருடைய தாத்தா ஜோசையா போல்கிளேஸ். மனிதர் தகரச் சுரங்கத்தில் கூலியாக இருந்தவர். இந்தக் கரையில் சுரங்கங்கள் நிலத்தோடு நிற்பதில்லை அக்கா, கடலுக்கு அடியிலேயே ஒரு மைல் தூரம் போகின்றன. புயலடிக்கும் நாளில் கடலின் அடித்தரையில் பாறைகள் உருளுகிற சத்தம் தலைக்கு மேலே கடகடவென்று கேட்குமாம். அதைக் கேட்டுக்கொண்டே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருபது வருடம் வெட்டியிருக்கிறார். பிறகு யோகம் அடித்தது, பங்குதாரர் ஆனார், பணம் கொட்டியது. மேலே ஏறி வந்தவர் முதல் வேலையாக இந்தக் குன்றின் மேல் நின்று, "இத்தனை நாள் என் தலைமேல உருண்டுக்கிட்டு இருந்தியே, இனிமே நான் மேல, நீ கீழ" என்று கடலைப் பார்த்துச் சொன்னாராம். 1873இல் வீடு எழும்பியது. மொத்தம் அறுபத்தெட்டு ஜன்னல், எல்லாமே கடலைப் பார்த்து. படுக்கையறைக்குச் சரி, சாப்பாட்டு அறைக்குச் சரி, பாத்திரம் கழுவுகிற இடத்துக்கும் ஜன்னல், கரி போட்டு வைக்கிற அறைக்கும் ஜன்னல்! லண்டனிலிருந்து வந்த கட்டடக்காரர் கேட்டிருக்கிறார்: "கரிக்கு எதுக்குய்யா ஜன்னல்?" அதற்கு ஜோசையா, "அதுவும் என்னை மாதிரி மண்ணுக்கடியில கிடந்துதானே வந்திருக்கு. எரியறதுக்கு முன்னால ஒரு தடவை பார்த்துட்டுப் போகட்டும்" என்றாராம்.

இதை லவ்டே சொல்லக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ரயில்வே கால அட்டவணை அலுவலகத்தில், ஜன்னலே இல்லாத அறையில், நாற்பத்தோரு வருடம் உட்கார்ந்தவன் நான். வெளியே மழையா வெயிலா என்று உள்ளே வருகிறவனின் தொப்பியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனை ஒரு சாயங்காலம் இந்த வீட்டுக் கூடத்தில் நிறுத்தினால் என்ன ஆவான் சொல்லு. சூரியன் இறங்குகிற நேரம் மாடிப்படி ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் வந்து படிக்கட்டு முழுக்கச் சிவப்பும் நீலமுமாக விழும். எட்டுப் பேர் கைகோத்து ஏறலாம், அவ்வளவு அகலம். ஏறும்போது என் பழைய செருப்பே என்னை மரியாதையாகப் பார்க்கிறது. அம்மாடி, எத்தனை தடவை காரணமே இல்லாமல் ஏறி இறங்கியிருக்கிறேன் தெரியுமா! கீழே வந்து, மறந்துபோன கைக்குட்டையை எடுக்கப் போகிறவன்போல நடித்து, மறுபடி ஏறுவேன். கைக்குட்டை என் பாக்கெட்டிலேயே இருக்கும்.

இப்படி வாய் பிளந்து நிற்கிறவனைக் குளியலறையில் தனியாக விட்டிருக்கக் கூடாது. வந்த மறுநாள் நடந்தது இது. குளிக்கிற தொட்டி மரப்பெட்டிக்குள் வைத்தது, மூன்று படி ஏறித்தான் உள்ளே இறங்க வேண்டும். குழாய் மூன்று. ஒன்றில் 'சுடுநீர்', ஒன்றில் 'குளிர்நீர்', மூன்றாவதில் பித்தளை எழுத்தில் 'கடல்' என்று போட்டிருந்தது. கடலைக் குழாயில் பிடிக்கலாம் என்று எழுதி வைத்திருந்தால் எந்த மனுஷனால் சும்மா இருக்க முடியும்? திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு சுவருக்குள்ளே எங்கேயோ ஒரு முனகல். பிறகு ஒரு பெரிய இருமல், என்னுடையதைவிடப் பெரியது. பிறகு அக்கா, கடலே வந்துவிட்டது! பாசியோடும் மணலோடும் ஒரு சின்ன நண்டோடும் வந்தது. மூடப் பார்த்தால் குழாயின் பிடி என் கையோடு வந்துவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடிவந்து, இந்த வீட்டின் சகல வேலைகளையும் பார்க்கிற கிழவர் ஜாகோவைக் கூப்பிட்டேன். தோட்டத்திலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டிரெக்லி வர்றேன் என் ராசா" என்றார். வந்தது மூன்றாம் நாள். நான் கத்திய அதே நேரம் கீழே சாப்பாட்டு அறையில் ஒரு கர்னலின் விதவை சூப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து உப்புத் தண்ணீர் அவர் தட்டில் சொட்ட ஆரம்பித்ததும், "இன்னைக்கு லேசா ஈரமா இருக்கு, இல்ல?" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிவிட்டு, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மீதிச் சூப்பையும் குடித்து முடித்தாராம்.

லவ்டே கையில் வாளியோடு மேலே ஓடிவந்தார். வீட்டைவிட்டே துரத்தப் போகிறார் என்று நான் துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார், நண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து சிரித்தார் பார், கண்ணில் நீர் வழிய.

"யுத்தத்துக்கு முன்னாலேர்ந்து இந்தக் குழாய்ல ஒரு சொட்டுத் தண்ணி வந்ததில்லை மிஸ்டர் தோர்ப். எத்தனை பேர் திருகிப் பார்த்திருக்காங்க! உங்களுக்கு வந்திருக்கே!"

ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி, முழங்கால்வரை நனைந்து, தலையில் பாசியோடு சிரிப்பதை நீ பார்த்திருந்தால் உனக்கும் பிடித்துப்போயிருக்கும். எனக்குப் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

அதற்குக் கைம்மாறாக ஏதாவது செய்ய வேண்டுமே என்று இந்த வீட்டின் ஏழு கடிகாரங்களையும் சரிசெய்தேன். ஏழும் ஏழு நேரம் காட்டிக்கொண்டிருந்தன. என் போன்றவனுக்கு அது வயிற்றில் கத்தி. ஒரு பிற்பகல் முழுக்க ஏணி வைத்து ஏறி ஏழையும் ஒரே நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை வீடே குலைந்துவிட்டது. சமையல்காரி நாற்பது நிமிடம் முந்துகிற கடிகாரத்தைப் பார்த்து அடுப்பு மூட்டுகிறவள், பரிமாறுகிற பெண் இருபது நிமிடம் பிந்துகிற கடிகாரத்தைப் பார்த்து இறங்குகிறவள், இப்படி இருபது வருடமாக எல்லாருடைய தப்பும் சேர்ந்து ஒரே நேரத்தில் சாப்பாடு வந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சரியான நேரத்துக்கு எல்லாரும் வந்தார்கள், முட்டை மட்டும் வரவில்லை. லவ்டே அதற்கும் கோபிக்கவில்லை. "நேரத்தை விட்டுடுங்க மிஸ்டர் தோர்ப், வருஷத்தைப் பாருங்களேன்" என்று சொல்லி நூலகத்தைத் திறந்துவிட்டார். ஜோசையாவின் கடிதங்கள், வரைபடங்கள், நாட்குறிப்புகள் எல்லாம் நான்கு பெட்டி நிறையக் கிடந்தன. இந்த வீட்டின் சரித்திரத்தை எழுதித் தரச் சொன்னார். "அந்த ஹோட்டல்காரி உன்னைச் சம்பளமில்லாத குமாஸ்தாவாக வைத்துக்கொண்டிருக்கிறாள்" என்று நீ ஐந்தாவது வாரம் எழுதினாயே, அது இதைப் பற்றித்தான். அப்படியே இருக்கட்டும் அக்கா. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் குமாஸ்தா வேலை பார்த்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் புதன்கிழமை, மாலை 5.20. நான் நூலகத்து ஜன்னல் பக்கம் நின்றேன். லவ்டே கூரையிலிருந்து இறங்கி, உடைந்த கூரை ஓடு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். குளிர்காலத்துக்குள் கூரையை அடைக்க வேண்டும் என்று அவருக்கு ஓயாத கவலை. நான் ஆறு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சை நடுவிலிருந்து ஆரம்பித்தேன்.

"மிஸ் போல்கிளேஸ், உங்களுக்கு ஆட்சேபனை இல்லைன்னா... அதாவது, நீங்களும் நானும்..."

"கல்யாணமா?" என்றார்.

"ஆமாம்."

அவர் கடலைப் பார்த்தார். கையிலிருந்த ஓட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கன்னம் சிவக்க, "டிரெக்லி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா, நீயே நியாயம் சொல்லு. நம் க்ரூவில் 'டைரக்ட்லி' என்றால் என்ன அர்த்தம்? இந்த நிமிடமே என்று அர்த்தம். மேலதிகாரி அப்படிச் சொன்னால் பேனாவை மூடாமலே எழுந்து ஓடுவோமே! அதே வார்த்தையை இவர்கள் வாயை அகட்டி 'டிரெக்லி' என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். ஜாகோ அதைச் சொல்லிவிட்டு மூன்று நாள் வராததை அவருடைய சோம்பேறித்தனத்தின் கணக்கில் சேர்த்திருந்தேன். இவ்வளவு அவசரமாகச் சம்மதித்த ஒரு பெண்ணைக் காக்கவைப்பது மரியாதையில்லை என்று எனக்குப் பட்டது. கல்யாண ஓலையை மாதாகோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். அந்த ஞாயிற்றை விட்டால் ஒரு வாரம் தாமதம். தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன். 6.05க்குப் பாதிரியார் ஹென்வுட் வீட்டுக் கதவைத் தட்டியாயிற்று.

"லவ்டேக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

"உடனேன்னு சொல்லிட்டாங்க."

"யாரு, லவ்டேயா? உடனேன்னா?" என்று காதில் கைவைத்து இரண்டு தடவை கேட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை லவ்டே ஓடு வாங்க ட்ரூரோவுக்குப் போனவர், சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்பினார். களைத்து வந்தவரிடம் இதை எடுத்துப் பேசுவது நாகரிகமா? ஒரு தடவை கேட்டு, அவரும் பதில் சொல்லிவிட்ட விஷயத்தை எந்தக் கனவான் இரண்டாம் தடவை இழுப்பான்?

ஞாயிறு காலை 11.20. கோவில் நிரம்பியிருந்தது. லவ்டே மூன்றாவது பெஞ்சில், எப்போதும் போடுகிற பச்சைத் தொப்பியோடு. நான் ஐந்தாவதில், புதுக் காலரோடு. பாதிரியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எட்கர் தோர்ப், திருமணமாகாதவர், லவ்டே போல்கிளேஸ், திருமணமாகாதவர்" என்று வாசித்தார். பச்சைத் தொப்பி அப்படியே அசையாமல் நின்றது. கோவிலில் இருந்த அத்தனை தலையும் முதலில் அவர் பக்கம், அப்புறம் என் பக்கம், மறுபடி அவர் பக்கம் திரும்பியது. அந்தக் கர்னலின் விதவை பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். "இவர்கள் இணைவதற்கு நியாயமான தடை ஏதும் அறிந்தவர் உண்டானால் இப்போதே சொல்லலாம்" என்று பாதிரியார் முடித்துவிட்டு, வழக்கம்போல அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். லவ்டே எழுந்து நின்றார்.

பாதிரியார் கையிலிருந்த புத்தகம் நழுவியது. "லவ்டே? உனக்கா தடை?"

"தடைன்னு ஒண்ணும் இல்லை பாதிரியாரே. என்கிட்ட யாரும் சொல்லலை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கோவிலா அது, சந்தைக்கடையா என்றாகிவிட்டது. பின்பெஞ்சிலிருந்து ஜாகோ, "என் ராசா, கட்டிக்கப் போறவகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!" என்று உரக்கக் கேட்டார். நான் எழுந்தேன். முன்வாசல் பக்கம் போனால் அவர் பெஞ்சைத் தாண்ட வேண்டும் என்று பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடினேன். அது வெளியே போகிற கதவில்லை, பாதிரியார் அங்கி மாற்றுகிற அறைக்கதவு. அங்கேயே, தொங்குகிற அங்கிகளுக்கு நடுவில், ஆராதனை முடியும்வரை நின்றேன். முப்பத்தைந்து நிமிடம்.

பாதிரியார் வந்து, அங்கிகளை ஒதுக்கி, என்னைக் கண்டுபிடித்தார். நடந்ததைச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"டிரெக்லின்னாளா? ஐயோ மனுஷா! எங்க ஊர்ல டிரெக்லின்னா, 'செய்வேன். எப்பன்னு மட்டும் கேட்காதே'ன்னு அர்த்தம். இந்த மணிக்கூண்டுக்கு மேல்பாதியை 1911ல டிரெக்லி கட்டித் தர்றேன்னாங்க. வெளிய போய் நிமிர்ந்து பாரு!"

பார்த்தேன். பாதிதான் இருக்கிறது.

அன்றையிலிருந்து இன்றுவரை நான்கு நாளாகிவிட்டது. லவ்டே ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். காலையில் வந்து, "மார்மலேடு வேணுமா மிஸ்டர் தோர்ப்?" என்கிறார். நான், "நன்றி மிஸ் போல்கிளேஸ்" என்கிறேன். சற்று நேரம் அங்கேயே நிற்கிறார். நான் தட்டையே பார்க்கிறேன். போய்விடுகிறார். எனக்கு அந்தக் கசப்பு ஆரஞ்சு ஜாம் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். நான்கு நாளில் ஒரு ஜாடியைத் தின்று தீர்த்திருக்கிறேன். ஊருக்கு முன்னால் ஒரு பெண்ணின் பெயரைக் கேட்காமல் எடுத்துக் கூவிவிட்டேன் அக்கா. இந்தக் கரையில் அவர் குடும்பப் பெயருக்கு எண்பத்தைந்து வருட மதிப்பு. என்னைப் போன்ற ஒரு அட்டவணைக் குமாஸ்தா அதைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டான். அவர் மன்னித்தாலும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சரித்திரத்தை எழுதி முடித்து நூலக மேஜையில் வைத்துவிட்டேன். பெட்டி கட்டியாயிற்று. ஜன்னலுக்குக் கீழே கடல் இப்போது வெள்ளி மாதிரிக் கிடக்கிறது. இதை விட்டுவிட்டு எப்படி வரப் போகிறேன் என்று தெரியவில்லை. ஆனால் வருகிறேன்.

ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், முழங்காலைப் பார்த்துக்கொள். பக்கத்து வீட்டு ப்ரிக்ஸ் தம்பதிக்கு என் விசாரிப்பு. இங்கே நடந்ததை அவர்களிடம் மூச்சு விடாதே. உனக்கு நீண்ட ஆயுளும் என்மேல் குறைந்த கோபமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு, உன் சொல் கேட்காததற்குத் தண்டனை அனுபவிக்கும் தம்பி,
எட்கர் தோர்ப்

பின்குறிப்பு: மாலை 5.35. அக்கா, மேலே எழுதியதை எல்லாம் படிக்காதே. படித்துவிட்டாயானால் மறந்துவிடு. உறையை ஒட்டப் போன நேரம் லவ்டே கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். கையில் என் சரித்திர நோட்டு. கட்டி வைத்த பெட்டியைப் பார்த்தார். நேராகப் போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நான் மாட்டேன்னா சொன்னேன்?" என்றார்.

"இல்லை. ஆனா அன்னைக்குக் கோவில்ல..."

"தடை இல்லைன்னுதானே எழுந்து நின்னு சொன்னேன்! ஊருக்கே கேட்டுது, உங்களுக்குக் கேட்கலையா? ரெண்டாவது ஓலையை வாசிக்கலாமான்னு பாதிரியார் திங்கக்கிழமையே ஆள் அனுப்பிட்டாரு. வாசிங்கன்னுட்டேன்."

"அப்ப இந்த நாலு நாளா என்கிட்ட ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"தினமும் வந்து மார்மலேடு வேணுமான்னு கேட்டேனே! ஒரு பொம்பளை அதுக்கு மேல என்னத்தைக் கேட்பா?"

கடிதத்தின் முந்தின பக்கங்களைப் பிடுங்கிப் படித்துக்கொண்டிருக்கிறார். பேனாவையும் கேட்கிறார். இதோ, கொடுக்கிறேன்.

*

மதிப்புக்குரிய மிஸ் வினிஃப்ரெட் தோர்ப் அவர்களுக்கு, லவ்டே போல்கிளேஸ் எழுதுவது. உங்கள் தம்பியின் பெட்டி மேல் உட்கார்ந்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் 25ஆம் தேதி, சனிக்கிழமை. நான் நினைத்தது அடுத்த வசந்தம், அல்லது அதற்கடுத்தது. உங்கள் தம்பியின் அவசரத்தால் இப்படி ஆயிற்று. நீங்கள் 23ஆம் தேதியே வந்துவிடுங்கள், மாடி ஏறத் தேவையில்லாத அறை ஒதுக்கியிருக்கிறேன். முப்பது வருடமாக இந்த வீட்டைப் பார்க்க வந்த ஆண்கள் எத்தனையோ பேர். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வித்துடுங்க லவ்டே, உங்களால முடியாது" என்று சொல்லிப் போனார்கள். உங்கள் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. நான் மேலே ஏறிய ஒவ்வொரு தடவையும், கூப்பிடாமலே வந்து, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழையிலும் நின்றார். அந்த இருமல் இன்னும் ஆறாததற்குக் காரணம் நான்தான், அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

படுக்கையைச் சூடு காட்ட வேண்டாம். இதை எழுதி முடித்ததும் பெட்டியைத் திறந்து அவருடைய சட்டைகளை எல்லாம் என் அலமாரியில் அடுக்கிப் பூட்டப் போகிறேன். அதற்கு மேலும் சனிக்கிழமை 10.05க்குத்தான் புறப்படுவேன் என்றால், சட்டையில்லாமல்தான் அவர் க்ரூ வந்து சேர வேண்டியிருக்கும்.